மரை வண்டியுடையது, இருக்கை வீலுடையது

அலாய் வீல் வாங்க வருகிறவர்கள் வீல்களின் முன்னால் அரை மணி நேரம் நிற்பார்கள். கறுப்பா வெள்ளியா, பதினைந்து அங்குலமா பதினாறா, ஆரக்கால் மெல்லிசாக இருந்தால் நம்ம ரோட்டுக்குத் தாங்குமா என்று வீட்டுக்குப் போன் போட்டுப் பேசுவார்கள். நட்டு என்று வரும்போது மட்டும் ஒரே கேள்விதான்: "என்ன கலர்லீங்க இருக்கு?"

கோயம்புத்தூரில் டயர், வீல் வேலையிலேயே என் ஆயுளில் பெரும்பகுதி போயிருக்கிறது. அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. வண்டி எது, வீலை மாட்ட ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டில் என்ன மரை, வீலின் துளைக்குள் என்ன வடிவம் என்று பார்த்துவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் போவேன். இந்தத் தொழிலில் நான் முக்கியமாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நட்டு இரண்டு பேருக்குச் சொந்தமானது. அதன் உள்ளே இருக்கும் மரை வண்டியுடையது; அது ஸ்டட்டோடு பொருந்த வேண்டும். அதன் அடியில், வீலைத் தொடும் இடத்தில் இருக்கும் இருக்கை வீலுடையது. அது துளையோடு பொருந்த வேண்டும். கம்பெனி வீலைக் கழற்றி வேறு வீல் போடும்போது ஒரு சொந்தக்காரர் மாறிவிடுகிறார். ஆகவே பழைய நட்டு போதுமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கப்பட வேண்டியது.

நட்டின் வேலை என்ன என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஆணியில் மாட்டிய சட்டை போல வீல் ஸ்டட்டில் தொங்குகிறது, அது கழன்று விழாமல் நட்டு தடுக்கிறது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். நடப்பது வேறு. நட்டை முறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் வீலின் பின்முகத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தத்தால் இரண்டு முகங்களுக்கும் நடுவே பிறக்கும் உராய்வுதான் வண்டியின் எடையையும் பிரேக்கின் இழுப்பையும் வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் சுமக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஸ்டட்டின் பக்கவாட்டில் வீல் உரசவே கூடாது.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் நட்டின் மேல் மரியாதை வரும். 12 மி.மீ. ஸ்டட்டில் காய்ந்த மரையோடு 100 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், ஸ்டட்டில் உண்டாகும் இழுவிசை ஏறத்தாழ 4 டன். நாலு ஸ்டட்டும் சேர்ந்து ஒரு வீலை ஏறக்குறைய 16 டன் விசையோடு பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மாருதி ஸ்விஃப்ட் வண்டி முழுதாகவே ஏறக்குறைய ஒரு டன்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. நாம் முறுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்வில் போகிறது. மீதிப் பாதி நட்டின் இருக்கையும் வீலின் துளையும் உரசும் இடத்தில் செலவாகிறது. டார்க் ரெஞ்சு 'டிக்' என்று சொல்வது முறுக்கு எவ்வளவு என்பதை மட்டுமே. ஸ்டட் எவ்வளவு நீண்டது என்பது அதற்குத் தெரியாது. இருக்கை பொருந்தாமல், சிராய்த்துக்கொண்டு, ஓரத்தில் மட்டும் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ரெஞ்சு சரியான எண்ணில் 'டிக்' சொல்லும், வீல் மட்டும் இறுகியிருக்காது. அதனால்தான் பூட்டிய பிறகு யார் கண்ணிலும் படாத அந்த வளையப் பரப்பைப் பற்றி நான் இவ்வளவு பேசுகிறேன்.

முதலில் மரை. சுசுகி வண்டிகளில் 12×1.25, அதாவது ஸ்டட் 12 மி.மீ. பருமன், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.25 மி.மீ. நிசானும் இதே அளவு. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் பெரும்பாலும் 12×1.5. கால் மி.மீ. வித்தியாசம்தான். கையில் இரண்டு நட்டையும் வைத்துப் பார்த்தால் பழகாத கண்ணுக்கு எதுவும் தெரியாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. டொயோட்டா கிளான்சா என்பது பெயரில் டொயோட்டா. உடல் மாருதி பெலேனோ. அதன் ஸ்டட் 12×1.25. பில்லில் டொயோட்டா என்று எழுதி, டொயோட்டா நட்டு எடுத்துக்கொடுக்கும் கடைகள் உண்டு. 1.5 நட்டு 1.25 ஸ்டட்டில் ஒன்றிரண்டு சுற்று ஏறும். அப்புறம் இறுகும். இறுகியதும் கையை எடுத்தால் பிழைத்தது. 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று ஏர் கன்னை வைத்தால் அது மரையை அரைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பார்ப்பதற்கு நன்றாக இறுகியது போலவே இருக்கும்.

ஆகவே என்னிடம் வேலை கற்கும் பையன்களுக்கு ஒரே கட்டளை. வீலைத் தூக்கி வைப்பதற்கு முன்னால், வெறும் ஸ்டட்டில் புது நட்டை விரலால் மட்டும் கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கேயாவது பிடித்தால் மரை அளக்கும் சீப்பை எடு. ஏர் கன் நட்டைக் கழற்றத்தான், ஏற்றுவது விரல். "ஒரு நட்டுக்கு இவ்வளவு நேரமாண்ணா?" என்று புதிதாகச் சேர்ந்தவன் எவனும் கேட்காமல் இருந்ததில்லை. நேரம் ஆகத்தான் செய்யும்.

ஜெர்மன் வண்டிகள் வேறு குடும்பம். ஃபோக்ஸ்வாகன் போலோவில் ஸ்டட்டே கிடையாது; ஹப்பிலேயே மரை வெட்டியிருக்கும், வெளியிலிருந்து போல்ட்டு ஏறும். 14×1.5 மரை, 17 மி.மீ. தலை, இருக்கை 13 மி.மீ. ஆரமுள்ள பந்து வடிவம். போல்ட்டில் மரையும் இருக்கையும் போக நீளம் என்று மூன்றாவது கவலை சேர்கிறது. புது வீலின் மையத்தட்டு தடிமனாக இருந்தால் பழைய போல்ட்டு போதிய அளவு உள்ளே போகாது. மெலிதாக இருந்தால் முனை ஹப்பின் பின்பக்கம் நீட்டிக்கொண்டு அங்கே சுழலும் உறுப்புகளில் இடிக்கும். போல்ட்டு வண்டிக்கு வீல் விற்கும்போது ஆழமானியை எடுத்துத் துளையின் இருக்கையிலிருந்து வீலின் பின்முகம் வரை அளக்காமல் நான் எதுவும் கொடுப்பதில்லை.

ஃபியட் லீனியா வைத்திருக்கும் ரசிகர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டிக்குத் துளைவட்டம், அதாவது போல்ட்டுத் துளைகளின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம், 98 மி.மீ. சந்தையில் குவிந்து கிடப்பதோ 100 மி.மீ. வட்ட வீல்கள். இரண்டு மி.மீ.தானே என்று போல்ட்டை வைத்து இழுத்துவிடுகிறார்கள். வட்டத்தில் இரண்டு என்றால் ஒவ்வொரு துளையும் ஒரு மி.மீ. விலகியிருக்கிறது. கூம்புப் போல்ட்டு துளையின் ஒரு கன்னத்தில் மட்டும் ஏறி உட்காரும்; போல்ட்டு லேசாக வளைந்தபடியே வேலை செய்யும். இந்த விலகலுக்காகவே இருக்கை மட்டும் தனியாக நகரும் போல்ட்டுகள் ஐரோப்பாவில் செய்கிறார்கள். நல்ல தயாரிப்பு கிடைத்தால் அது ஒரு வழி. ஆனாலும் 98 வட்டத்திலேயே வீல் தேடுங்கள், மூன்று மாதம் ஆனாலும் காத்திருங்கள் என்றுதான் சொல்வேன். காத்திருந்தவர்கள் யாரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை.

இனி இருக்கைக்கு வருகிறேன். கார்களில் மூன்று வடிவங்கள்தான் பெரும்பாலும் புழங்குகின்றன. 60 பாகைக் கூம்பு. பந்தின் ஒரு துண்டு போன்ற உருண்டை. வாஷரோடு தட்டையாக அமர்ந்து, அடியில் ஒரு குழாய்க் கழுத்து துளைக்குள் இறங்கும் வகை. சுசுகியும் ஹூண்டாயும் கூம்பு. ஹோண்டா 12 மி.மீ. ஆரமுள்ள உருண்டை. டொயோட்டா தன் அலாய் வீல்களுக்கு நெடுங்காலம் தட்டை இருக்கையைக் கொடுத்து வந்தது. வெளியே வாங்கும் அலாய் வீல்களில் ஏறக்குறைய எல்லாமே 60 பாகைக் கூம்பு. ஸ்விஃப்ட்காரருக்கும் ஐ20காரருக்கும் இருக்கையில் சிக்கல் வருவதில்லை என்பதற்கும், ஹோண்டாக்காரர் அடிக்கடி மாட்டிக்கொள்வதற்கும் காரணம் இதுதான்.

வெளியூரிலிருந்து ஒரு ஹோண்டா சிட்டி வந்தது. வேறெங்கோ வீல் மாற்றியிருக்கிறார்கள். எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடுகிறது. பேலன்சிங் பார்த்தாயிற்று, அலைன்மென்ட் பார்த்தாயிற்று, டயரைக் குறை சொல்லி டயரும் மாற்றியாயிற்று. ஓட்டி வந்தவர் என்னைவிடப் பெரியவர். களைத்துப்போய், "இனி வீலையே கழட்டி வீசிட்டுப் பழசையே போட்டுக்கறேனுங்க தம்பி" என்றார். நான் ஒரு நட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். கம்பெனி நட்டு, உருண்டை இருக்கை. அதன் மேல் தலைமுடி அகலத்தில் ஒரே ஒரு பளபளப்பான கோடு வட்டமாக ஓடியது. வீலின் துளை கூம்பு. உருண்டை கூம்பில் உட்கார்ந்தால் தொடுவது ஒரு கோடு மட்டுமே. நாலு டன் அழுத்தம் முழுவதும் அந்தக் கோட்டின் மேல். அலுமினியம் எஃகைவிட மென்மையானது. அது மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுக்கும். ஒவ்வொரு மைக்ரான் நசுங்கும்போதும் ஸ்டட்டின் நீட்சி குறைகிறது, பிடி தளர்கிறது.

ஒரு வெள்ளை மார்க்கரை எடுத்துப் புதுக் கூம்பு நட்டின் இருக்கை முழுக்கப் பூசி, அதே துளையில் கையால் இறுக்கிக் கழற்றிக் காட்டினேன். நல்ல துளையில் மை ஓர் அகன்ற பட்டையாக, சுற்றிலும் ஒரே சீராக அழிந்திருக்கும். இரண்டு துளைகளில் அப்படி அழியவில்லை. பழைய நட்டுகள் அங்கே படி போல ஒரு வெட்டு விழச் செய்திருந்தன. அந்த இரண்டு துளைகள் இருந்த வீலை மறுபடி மாட்ட நான் ஒப்பவில்லை. மற்ற மூன்றோடு புது வீல் ஒன்று வரவழைத்துச் சேர்த்து, கூம்பு நட்டுகள் போட்டு அனுப்பினோம். பெரியவர் அவிநாசி சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "இந்தப் பேனா மை வேலைய எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். இதில் ரகசியம் எதுவுமில்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டு வாசலில் செய்து பார்க்கலாம். அகன்ற பட்டை வந்தால் நட்டு வீலுக்கு உரியது. மெல்லிய கோடோ, பிறை போல ஒருபக்கம் மட்டுமோ வந்தால் அந்த நட்டு வேண்டாம்.

டொயோட்டாவின் தட்டை இருக்கை நட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. அதை வடிவமைத்தவரின் கவனத்தை நான் எப்போதும் வியப்பேன். வாஷருக்குக் கீழே இறங்கும் கழுத்தின் நுனியில் சிறிய கூம்பு ஒன்று செதுக்கியிருப்பார்கள். அலாய் வீலில் வாஷர்தான் அமரும். பஞ்சராகி இரும்பு டிஸ்க் ஸ்டெப்னியை மாட்டும்போது அதே நட்டின் நுனிக் கூம்பு டிஸ்க்கின் துளையில் அமரும். ஒரே நட்டு இரண்டு வேலை. ஆனால் இதைப் பார்த்துவிட்டு, 'அடியில் கூம்பு இருக்கிறதே' என்று வெளிச் சந்தைக் கூம்பு வீலில் அந்த நட்டைப் போடுகிறார்கள். நுனியிலுள்ள அந்தக் குட்டிக் கூம்பு ஸ்டெப்னியின் தகட்டுக்கென்று கொடுத்தது. ஆழமான அலுமினியத் துளையில் அது போதிய பரப்பைத் தொடாது. இனோவாவுக்கு வெளி வீல் போடுகிறீர்கள் என்றால் புது நட்டு வாங்கியே ஆக வேண்டும்.

மரையும் இருக்கையும் சரி, இனி ஆழம். நட்டு ஸ்டட்டை எவ்வளவு நீளம் பிடித்திருக்க வேண்டும்? குறைந்தபட்சம் ஸ்டட்டின் பருமன் அளவுக்காவது என்பது நான் விடாத கணக்கு. 12 மி.மீ. ஸ்டட்டுக்கு 12 மி.மீ. அதைச் சுற்றாக எண்ணலாம்: 1.5 மரையானால் எட்டுச் சுற்று, 1.25 ஆனால் பத்துக்குக் கொஞ்சம் குறைய. நட்டு இருக்கையைத் தொட்ட நிலையிலிருந்து முழுதாகக் கழன்று வரும் வரை எண்ணினால் போதும். இரும்பு டிஸ்க்கின் தகடு சில மி.மீ.தான், அலாய் வீலின் மையத்தட்டு அதைவிடப் பலமடங்கு தடிமன். டிஸ்க்கோடு வந்த அடிப்படை மாடல் வண்டிகளில் எண்ணாமல் விடவே கூடாது.

ஸ்பேசர் போடும் பழக்கத்தையும் இங்கேதான் சொல்ல வேண்டும். வீல் வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்று 5 மி.மீ. தகட்டை நடுவில் செருகினால் 1.5 மரையில் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடுகிறது. எட்டில் மூன்று போனால் ஐந்து. ஐந்து சுற்றுப் பிடியில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வால்பாறை மலை இறங்குவதற்கு நான் உதவ மாட்டேன். நீள ஸ்டட் மாற்றிக்கொண்டு வாருங்கள், செய்து தருகிறேன் என்று திருப்பி அனுப்புவேன்.

குறைந்த ஆழத்துக்கு நேர் எதிர் ஆபத்தும் உண்டு. அதைப் பலர் யோசிப்பதேயில்லை. தலை மூடிய நட்டு அழகாக இருக்கும், மழைநீரும் மண்ணும் மரைக்குள் போகாது. ஆனால் நீள ஸ்டட் உள்ள வண்டியில் குட்டையான மூடிய நட்டைப் போட்டால், இருக்கை வீலைத் தொட்டு அழுத்துவதற்கு முன்னாலேயே ஸ்டட்டின் முனை நட்டின் கூரையில் முட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் நட்டு ஸ்டட்டோடுதான் சண்டை போடும், வீலை அழுத்தாது. டார்க் ரெஞ்சு இங்கேயும் 'டிக்' என்றே சொல்லும். ஆகவே மூடிய நட்டானால் உள் ஆழத்தை ஒரு குச்சியை விட்டு அளக்கிறேன். வீலை மாட்டியபின் இருக்கையைத் தாண்டி ஸ்டட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் அளக்கிறேன். முதல் அளவு இரண்டாவதைவிட நன்றாகவே பெரிதாக இருக்க வேண்டும்.

இப்போது நிறத்துக்கு வரலாம், அதாவது எதனால் செய்தது என்பதற்கு. தினசரி ஓடும் வண்டிக்கு முழுதாக ஒரே துண்டாய் உருவாக்கிய எஃகு நட்டுதான். குரோமியம், கறுப்புப் பூச்சு, துத்தநாகப் பூச்சு எதுவானாலும் சரி. இருக்கையின் மேல் பூச்சு உரிந்து சுருளாக வராமல் இருக்க வேண்டும். உள்ளே எஃகு, மேலே பளபளப்பான தகட்டுத் தொப்பி மாட்டிய இரட்டை நட்டுகளை நான் வாங்குவதில்லை. தொப்பிக்கும் எஃகுக்கும் நடுவே ஈரம் புகுந்து துருவேறித் தொப்பி உப்பிவிடும். 19 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் நுழையாது, 20 சுற்றும். இருட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில், குழந்தைகளை வண்டியில் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

சிவப்பும் நீலமும் ஊதாவுமாக மின்னுபவை பெரும்பாலும் அலுமினியம். எடை குறைவு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர் இது. ரேஸ் ஓட்டும் பிள்ளைகள் அதைக் கேட்பதில் நியாயம் உண்டு. அவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் டார்க் ரெஞ்சு வைத்துப் பார்ப்பவர்கள், மரை தேய்ந்தால் முழு செட்டையும் மாற்றுபவர்கள். வீட்டு வண்டிக்கு அப்படி யாரும் பார்க்கப்போவதில்லை. பஞ்சர் கடையில் ஏர் கன் படும் முதல் நாளே அலுமினிய மரை இழைந்துவிடும். ஆகவே நிறம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு எஃகில் நிறப்பூச்சு உள்ளதைத் தேடிக் கொடுக்கிறேன். காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் எது எஃகு என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

நட்டின் வெளி அளவையும் மறக்கக்கூடாது. வெளி வீல்களில் நட்டு இறங்கும் குழி குறுகலாக இருக்கும், 21 மி.மீ. தலையும் அதன் மேல் பாக்ஸின் சுவரும் சேர்ந்து நுழையாது. மெலிந்த நட்டும் மெல்லிய சுவருள்ள பாக்ஸும் வேண்டும். இல்லையென்றால் முதல் நாளே குழியின் வாயில் கீறல் விழும்.

பூட்டும் முறைக்கு வருகிறேன். ஹப்பின் முகத்தில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும். கம்பெனியில் பிரேக் டிஸ்க்கைப் பிடித்து வைக்க ஸ்டட்டில் மெல்லிய கிளிப் மாட்டியிருப்பார்கள். அது வீலைத் தட்டையாக அமர விடாவிட்டால் எடுத்துவிட வேண்டும். பெயின்ட் அடித்து வந்த வீலானால் இருக்கைக் குழிக்குள் பெயின்ட் படிந்திருக்கும். அதை அப்படியே விட்டால் வெயிலிலும் பிரேக் சூட்டிலும் பெயின்ட் நசுங்கி வெளியேறும், அதன் தடிமன் அளவுக்குப் பிடி தளரும்.

ஹப்பின் நடு வட்டமும் வீலின் நடுத்துளையும் பொருந்த வளையம் போடுங்கள். மாருதி ஸ்விஃப்ட்டுக்கு 54.1 மி.மீ., போலோவுக்கு 57.1. வெளி வீல்கள் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிய துளையோடு வருகின்றன. வளையம் இருந்தால் நட்டை ஏற்றும்போதே வீல் நடுவில் நிற்கும்.

எண்ணெய் பற்றி எனக்கு வேலை கற்றுத் தந்தவரோடு எனக்கு நெடுநாள் கருத்து வேறுபாடு. மரைக்குக் கிரீஸ் வைக்காமல் நட்டு பூட்டுவது அவர் பார்வையில் பாதி வேலை. "துருப் பிடிச்சா நாளைக்கு எவன் கழட்டுவான்?" என்பார். அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. ஆனால் அவர் பழகிய காலத்தில் கைப்பிடிப் பக்குவமே அளவு. இன்று கம்பெனி தரும் எண் பெரும்பாலும் காய்ந்த மரைக்கானது. எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே 100 நியூட்டன் மீட்டரில் ஸ்டட்டின் இழுவிசை மூன்றில் ஒரு பங்குகூட ஏறிவிடலாம். ஸ்டட் திரும்ப முடியாத அளவுக்கு நீண்டுபோகும். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்த காய்ந்த மரைதான் என் முறை. இருக்கையிலும் எதுவும் தடவுவதில்லை, கையேடு தடவச் சொன்னாலொழிய.

எண்கள்: டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டாவுக்கு 108, போலோவுக்கு 120. உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். அதுதான் கடைசி வார்த்தை. வண்டி ஜாக்கில் நிற்கும்போது விரலாலும் பிறகு கை ஸ்பேனராலும் லேசாக இறுக்கி, இறக்கிவைத்து, எதிரெதிராக ரெஞ்சு போட வேண்டும். ஐந்து துளையானால் நட்சத்திரம் வரைவது போல ஒன்றுவிட்டு ஒன்று. வரிசையாகச் சுற்றிக்கொண்டே போனால் வீல் ஒருபக்கம் சாய்ந்தபடியே இறுகும்.

பிறகு ஓட்டிவிட்டு வந்து மறுபடி பார்க்க வேண்டும். அலுமினியத் துளையில் புது நட்டு தன் இடத்தைப் பிடித்து அமர 80, 100 கிலோமீட்டர் ஆகும்; அதற்குள் கொஞ்சம் தளரும். பாலக்காடு போய்த் திரும்பி வாருங்கள், வந்ததும் வண்டி ஆறட்டும், காசு வேண்டாம், ரெஞ்சு போட்டுத் தருகிறேன் என்பேன். வருகிறவர்கள் பாதிப் பேர்தான். வராதவர்களுக்குப் போன் செய்ய ஒரு பையனை வைத்திருக்கிறேன். இதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பொறுத்துக்கொள்கிறேன்.

தளர்ந்த நட்டு என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இறுகியிருக்கும் ஸ்டட் ஓட்டத்தில் மாறிமாறி வரும் சுமையை அதிகம் உணர்வதில்லை. ஹப்பும் வீலும் அழுந்திய முகங்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. தளர்ந்துவிட்டால் வீல் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட்டை ஒருமுறை வளைத்து நிமிர்த்துகிறது. மரையின் அடிப்பள்ளத்தில் ஒரு மெல்லிய விரிசல் தொடங்கி, நாள்தோறும் கொஞ்சம் உள்ளே போகும். உடைந்த முகத்தைப் பார்த்தால் அந்த வளர்ச்சி வரிவரியாகத் தெரியும். கடைசியில் சிறு பகுதிதான் ஒரே அடியில் முறிந்திருக்கும். ஒன்று உடைந்ததும் அதன் சுமை பக்கத்து ஸ்டட்டுக்குப் போகும். வண்டி இதைச் சும்மா செய்வதில்லை. குறைந்த வேகத்தில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம், ஸ்டியரிங்கில் புது ஆட்டம், துளையைச் சுற்றிக் கறுப்புப் பொடி என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். கேட்டால் நிறுத்திப் பாருங்கள்.

1960-களில் கிறைஸ்லர் கார்களின் இடப்பக்க வீல்களுக்கு எதிர்த்திசையில் இறுகும் இடது மரை கொடுத்திருந்தார்கள். சுழற்சி நட்டைக் கழற்றிவிடும் என்ற அச்சம். நல்ல கூம்பு இருக்கையும் சரியான இறுக்கமும் இருந்தால் அந்த அச்சம் தேவையில்லை என்று மற்ற கம்பெனிகளின் கோடிக்கணக்கான வண்டிகள் காட்டிவிட்டன. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நட்டு போடும் வசதி நமக்குக் கிடைத்தது, அந்தக் கூம்பு தன் வேலையைச் செய்வதால்தான்.

திருட்டுப் பயத்துக்குச் சாவி நட்டு கேட்பவர்களுக்கு வீலுக்கு ஒன்று போதும். பள்ளம் வெட்டிய மெல்லிய நட்டுகள் பதினாறும் சாவியால் மட்டுமே திறக்கும் வகையானால், அந்தச் சாவி வீட்டு அலமாரியில் இருக்கக்கூடாது. ஜாக்கும் வீல் ஸ்பேனரும் இருக்கும் அதே பையில் இருக்க வேண்டும். சாவியின் மேல் ஏர் கன் போட வேண்டாம் என்று பஞ்சர் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக, வண்டியை ஒப்படைக்கும் முன் டிக்கியைத் திறக்கச் சொல்வேன். ஸ்டெப்னி பழைய கம்பெனி வீல்தான். அதன் இருக்கை பழைய இருக்கைதான். ஹோண்டாவின் ஸ்டெப்னிக்குப் புதுக் கூம்பு நட்டு பொருந்தாது, இனோவாவின் ஸ்டெப்னிக்கு எது பொருந்தும் என்பதை மாட்டிப் பார்த்தே சொல்ல முடியும். ஆகவே கழற்றிய கம்பெனி நட்டுகளில் ஒரு வீலுக்கு வேண்டியதை எடுத்து, துடைத்து, ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னியின் குழியில் வைத்துவிடுகிறேன். நாலு துளை வண்டிக்கு நாலு, ஃபார்ச்சூனருக்கு ஆறு. பையின் மேல் மார்க்கரால் 'ஸ்டெப்னிக்கு மட்டும்' என்று எழுதி, நட்டின் பாக்ஸ் அளவையும் பக்கத்தில் குறிக்கிறேன். பழைய நட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள் கம்பெனி பாகக் கடையில் ஒரு செட் வாங்கி வரட்டும். அதுவரை வண்டி என்னிடமே நிற்கலாம்.